இரவல் குரல்

வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் மியூசியம். வைத்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் நான் டீ குடிக்கும் கோப்பையைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டு, எனக்குத் தெரியாமல் அதே கடையில் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்து வைத்தார். ஒரு வாய் குடித்ததுமே கீழே வைத்துவிட்டேன். உதட்டில் படும் விளிம்பு வேறாக இருந்தது. பழையதில் இடது பக்கம் மெருகு கொஞ்சம் திரண்டு நிற்கும், கீழுதடு அதில் போய் உட்காரும். "இந்த வீட்ல ஒவ்வொரு பொருள் பக்கத்துலயும் 'தொடாதீர்கள்'னு போர்டு மாட்டணும் போல இருக்கே" என்றார். பிறகு பிறந்த மகள்கள் இருவரும் அந்தப் பெயரைக் குடும்பச் சொத்தாக எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பொய் என்று சொல்ல வாய் வராது. எனக்கு எதுவுமே தனியாக வருவதில்லை, முன்னால் வந்ததையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். மழைக்கு முந்தின காற்று முகத்தில் பட்டால், பள்ளிக்கூடத்து மரப் பெஞ்சின் ஈரம் முழங்கையில் படும். புது ஊழியர் ஒருவர் வந்து வணக்கம் சொன்னால், அவருக்கு முன்னால், எப்போதோ பார்த்த யாரோ ஒருவருடைய தோள் தெரியும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையும் அப்படியே அமைந்தது. பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் சேர்க்கும் அறையில் இருக்கிறேன். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தபின் வேறு நிறம். தட்டில் தடவிய சாம்பல் பச்சையைப் பார்த்தால், அது காய்ந்து சுவரில் எப்படி நிற்கும் என்பது கண்ணுக்குள் வந்துவிடும், இதே பச்சையை முன்பு பார்த்தது கண்ணுக்குள் இருப்பதால். இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. மறக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்புறம் எனக்குக் காது போயிற்று. பெரியவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு மழைக்காலத்துக்குள் மிச்சம் மீதி இல்லாமல் போய்விட்டது. நரம்பு என்றார்கள். சின்னவள் பிறந்தது அதற்குப் பிறகு. பிறந்ததும் அவள் அழுதாள் என்பதே நர்ஸின் வாயசைவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

நான் அவ்வளவாக உடைந்துபோகவில்லை. யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கச் சீக்கிரமே பழகிவிட்டேன். உதடு அசைந்தால் போதும், அந்த ஆளின் குரல் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிடும். என் வீட்டுக்காரர் பொய் சொல்வதற்கு முன்னால் லேசாகத் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலைக்கூட நான் கேட்டேன். காது கேட்காத பெண்டாட்டியிடமும் மாட்டிக்கொள்கிறோமே என்று அவர் நொந்துபோவார்.

அதனால்தான் ஆபரேஷன் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னார். ஆனால் முதலில் எல்லாம் தகரச் சத்தமாகத்தான் கேட்கும், பழக நாளாகும் என்றும் சொன்னார். வெளியே கத்திக்குப் பயம் என்று சொல்லிவைத்தேன். உண்மையான பயம் வேறு. சுவரில் இரண்டாவது பூச்சு பூசினால் முதல் பூச்சு போயிற்று, அது என் தொழிலில் பாலபாடம். உள்ளே நான் பத்திரமாக வைத்திருக்கும் குரல்களின் மேல் இந்தத் தகரத்தைப் பூசிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

இப்படியே போயிருக்கும். தொழிற்சாலையில் ஒரு பயிற்சி முகாம் வைத்தார்கள்.

யார் யார் எந்த மாதிரி மனிதர் என்று கண்டுபிடித்துத் தருகிறேன் என்று, இஸ்திரி கலையாத சட்டையோடு பயிற்சியாளர் ஒருவர் வந்தார். கேள்வித்தாள் கொடுத்தார். விருந்துக்குப் போனால் யாரோடு பேசுவீர்கள், திட்டம் மாறினால் என்ன செய்வீர்கள் என்று ஊர்ப்பட்ட கேள்விகள். அவர் மேடையில் இங்குமங்கும் நடந்துகொண்டே பேசியதால் உதடு பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலவைக்காரர் பாவம், சொல்வதையெல்லாம் போனில் எழுதிக் காட்டினார். என் வகைக்கு முதன்மைக் குணம் 'உள்முகப் புலனுணர்வு' என்று வந்தது. "இவர்கள் ஒரு பொருளைப் பார்க்கும்போது, பொருளைவிட அது தங்களுக்குள் விட்டுப்போன தடத்தையே அதிகம் பார்ப்பார்கள். இன்றைக்கு நடப்பதை முன்பு நடந்ததோடு ஒட்டிப் பார்த்துத்தான் உணர்வார்கள்." கலவைக்காரர் இதை எழுதிக் காட்டிவிட்டு, தன் பங்குக்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். கண் முன்னால் இருப்பதைப் பார்க்காமல் நான் என்ன கனவா காண்கிறேன்? அன்று சாப்பாட்டு மேசையில் அந்தப் பயிற்சியாளரை ஒரு பிடி பிடித்தேன். பெரியவள் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். இந்த மாதிரிச் சோதனைகள் என்றால் அவளுக்கு உயிர்.

"அம்மா, அவர் புட்டுப் புட்டு வச்சிருக்காரும்மா! நீ எங்களைப் பாக்குறதே இல்ல. உனக்குள்ள இருக்கிற எங்களைத்தான் பாக்குற. அப்பா பேசினா உள்ள அப்பா குரல் கேக்குதுன்னு நீயே சொல்லியிருக்கேல்ல?"

சின்னவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். பத்து வயசு இருக்கும் அப்போது. எதையும் ஒருதரம் யோசித்துவிட்டுத்தான் கேட்பாள்.

"அப்பா பேசினா அப்பா குரல் கேக்குது. அக்கா பேசினா அக்கா குரல். நான் பேசினா உனக்குள்ள யாரும்மா பேசுறா?"

"நீதான் பேசுற. வேற யாரு?"

"நீதான் என்னைக் கேட்டதே இல்லையே."

இவர் பேச்சை மாற்றப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இந்தப் பிறந்தநாளுக்கு எனக்கு டிரெஸ் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ என் குரலைக் கேக்கணும். ஒரே ஒரு தடவை கேட்டா போதும்."

தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று டாக்டரிடம் சொல்லி வந்தவள், அடுத்த வாரம் அதே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறி, கருவியை முடுக்குகிற நாள் வந்தது. முடுக்கியவரை எங்கள் வீட்டில் காது டீச்சர் என்போம். மருத்துவமனையில் கருவி வைத்தவர்களுக்குக் கேட்கப் பழக்குவது அவர் வேலை. சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது. காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டிவிட்டு ஏதோ சொன்னார். அவர் வாய் அசைந்தது. என் தலைக்குள் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் எழுந்தது. அதுதான் அவர் குரலாம். பிய்த்து எறிந்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது.

"பொறுங்க. இப்போ கருவி உங்களுக்கு எலும்பை மட்டும்தான் குடுக்குது. சதையை நீங்கதான் உள்ளேயிருந்து போடணும். பழைய சத்தம் நினைவிருக்கிறவங்களுக்கு அது வரும்" என்று எழுதிக் காட்டினார்.

நினைவா? வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தினமும் பயிற்சி. இவர் செய்தித்தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசிப்பார், நான் என்ன வார்த்தை என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் கூழாங்கல். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் எதிரில் வந்து நிற்பாள். "வந்துச்சா?" என்று உதடு கேட்கும். "இன்னும் தகரம்தான்டி" என்பேன். போய்க் கைகால் கழுவுவாள். மறுநாள் மறுபடி வந்து நிற்பாள்.

ஒருநாள் காலை, நான் அடுப்படியில் இருந்தேன். இவர் கூடத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு தனக்குத்தானே முணுமுணுத்தார். வழக்கம்போலக் கூழாங்கல் குலுங்கியது. குலுங்கிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து ஏதோ மேலே வந்தது. வறண்ட குழாயில் முதலில் வெறும் காற்று சீறி, சட்டென்று தண்ணீர் வருமே, அப்படி. மூக்கு லேசாக அடைத்த, கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிற, என் கல்யாணத்தன்று முதன்முதலாகக் கேட்ட அந்தக் குரல். உள்ளே கேட்பதும் வெளியே கேட்பதும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தன. "இங்கதானே வச்சேன்" என்றது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூச்சு மேலே விழுந்து அடியில் இருந்ததை அழிக்கவில்லை, எழுப்பிக்கொண்டு வந்திருந்தது. நான் பயந்ததெல்லாம் வீண். மனிதத் தலைக்குள் இப்படி ஒரு காரியம் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கதவுத் தாழ்ப்பாள், துடைப்பம், படிக்கட்டில் செருப்பு. ஒவ்வொன்றும் தகரமாக வந்து, என்னிடம் இருந்த பழையதைத் தொட்டதும் முழுசாக மாறும். வார இறுதியில் பெரியவள் வந்தாள். அவளுடைய குழந்தைக் குரல்தான் என்னிடம் இருந்தது. அவள் பேசப் பேச அந்தக் கீச்சுக் குரல் என் காதுக்குள்ளேயே நீண்டு, தடித்து, இருபது வயசுப் பெண்ணின் குரலாக வளர்ந்தது. அவள் வளர்ந்ததைக் கண் பார்த்திருந்தது. காது அன்று ஒரே நாளில் பார்த்து முடித்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "பேசு, நிறுத்தாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. காது டீச்சரிடம் போய், என் நினைவுக் கிடங்கைப் பார்த்தீர்களா என்கிற மாதிரி பெருமையடித்துக்கொண்டேன்.

அன்று மாலையே சின்னவள் குரலும் வந்தது. எதிரில் உட்கார்ந்து ஏதோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தகரம் விலகி, மெல்லிசாக, தெளிவாக, கண்ணாடிக் குவளையில் கரண்டி பட்ட மாதிரி ஒரு குரல் எழுந்தது. நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

"வந்துடுச்சுடி! கேட்டுட்டேன்! எவ்வளவு மெல்லிசான குரல் உனக்கு. கீச்சுக் கீச்சுன்னு, என் கண்ணே!"

அவள் உடம்பு என் கைக்குள் விறைத்தது. நிமிர்ந்து பார்த்தால் இவர் பேயறைந்த மாதிரி நிற்கிறார். பெரியவள் தரையைப் பார்க்கிறாள். சின்னவள் என் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தாள்.

"அது என் குரல் இல்லம்மா" என்றாள். போய்விட்டாள்.

இவர்தான் சொன்னார். "அவளுக்குக் கட்டைக் குரல். கொஞ்சம் கரகரன்னு இருக்கும். போன் எடுத்தா எல்லாரும் 'தம்பி, அப்பாகிட்ட குடு'ம்பாங்க. ஸ்கூல்ல கிண்டல் வேற. உங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல, உனக்குத் தெரியாதுங்கிறதே மறந்துபோச்சு."

"நீ சொல்ற கீச்சுக் குரல் என்னோடதும்மா. சின்ன வயசுல" என்றாள் பெரியவள்.

அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக, சின்னவள் வாய் அசையும்போதெல்லாம் என்னிடம் சும்மா இருந்த ஒரு குழந்தைக் குரலை எடுத்துப் போட்டிருக்கிறேன். அக்காவின் பழைய கவுனை மாட்டிவிடுவது போல, அக்காவின் பழைய குரலையும் மாட்டிவிட்டிருக்கிறேன். அளவு பார்க்கக்கூட இல்லை. இப்போது கருவி வந்து அவளுடைய சொந்தக் குரலை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியும், உள்ளே இருந்தது முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. இஸ்திரி கலையாத அந்தச் சட்டைக்காரர் சொன்னது இதைத்தான். பெற்ற பெண் எதிரில் உட்கார்ந்து பேச, நான் தடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சின்னவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வேண்டியதைக் கைஜாடையில் கேட்டாள், இல்லாவிட்டால் எழுதிக் காட்டினாள். வாசலில் வந்து நின்று "வந்துச்சா?" என்று கேட்பதும் நின்றது. அந்த நேரம் வந்தால் நான் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் என்னைக் கடந்து உள்ளே போவாள். அவள் கேட்ட ஒரே பரிசை நான் அவள் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

காது டீச்சரிடம் ஓடினேன்.

"உதட்டைப் பாக்காதீங்க. பாத்ததும் பழசு ஓடி வந்துடுது" என்றார்.

அதையும் செய்து பார்த்தேன். பெரியவள் தன் போனில் இருந்த தங்கையின் பேச்சை அனுப்பினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டேன். பேசுவது யார் என்று தெரிந்திருப்பதே போதுமானதாக இருந்தது. கண்ணாடிக் குவளை கிணுகிணுவென்று ஒலித்தது. எவ்வளவு துரத்தினாலும் போகவில்லை. சொந்த மகளின் குழந்தைக் குரலைத் துரத்துவதும் லேசான வேலை இல்லை.

"பழசு இருந்தாத்தானே எனக்குச் சதை போட முடியும்? இவளுக்குன்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே. எதை வச்சுக் கேக்குறது?" என்று காது டீச்சரிடம் அழுதேன்.

"தெரியலம்மா. எங்கிட்ட இப்படி யாரும் வந்ததில்ல" என்றார். மழுப்பாமல் சொன்னாரே என்று அவர்மேல் மரியாதை வந்தது.

அடுத்த விடுமுறை நாள். சின்னவள் அப்பாவோடு முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே, யாரோ பேசினார்கள்.

எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் கிடங்குக்குள் ஆள் போகும், இது அது மாதிரி, அது இது மாதிரி என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அன்று போன ஆள் வெறுங்கையோடு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரா? இல்லை. வேலை செய்யும் இடத்தில் யாராவது? இல்லை. வானொலி? இல்லை. என் வாழ்நாளில் கேட்ட குரல்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அது எதன் மாதிரியும் இல்லை. முன்னால் யாரையும் கூட்டிக்கொண்டு வராமல், தனியாக, அந்த நிமிஷத்திலேயே பிறந்த மாதிரி வந்து நின்றது.

பயந்துபோனேன். அதை ஒளிப்பானேன், கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. எனக்கு இப்படி எதுவும் நடந்ததே இல்லை. நான் எப்போதும் இரண்டாவது தடவையாகவே வாழ்ந்திருக்கிறேன் போலும். குழந்தையாக இருந்தபோது கேட்டவை எனக்கும் முதல் தடவையாக இருந்திருக்கும், ஆனால் அப்போது அது முதல் தடவை என்று யாருக்குத் தெரியும்? இது தெரிந்தது. தாழ்ந்த குரல். ஓரமெல்லாம் சொரசொரப்பு. நடுவில் கதகதப்பு. அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் கீழேயிருந்து தூக்கி மேலே வைத்தது. உலகத்தில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, இத்தனை நாள் நான் இல்லாமலேயே இருந்திருக்கிறது. பிரமித்து நின்றேன். கையில் பிடித்திருந்த போர்வையிலிருந்து தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் சொற்கள் பிரிந்து வந்தன.

"கடையில கூட்டம், நான் முன்னாடி வந்துட்டேன். அப்பாதான் அங்க உக்காந்திருக்காங்க... இல்லக்கா, நான் பேச மாட்டேன். நான் பேசினாலும் அம்மாவுக்கு உன் குரல்தான் கேக்குது. உன்னைத்தான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

கொடியைப் பிடித்துக்கொண்டேன். சின்னவள்! யார் என்று தெரிந்த அதே நொடியில், வழக்கம்போல, அந்தக் கண்ணாடிக் குவளை உள்ளேயிருந்து ஓடி வந்தது. வந்ததை உணர்ந்தேன். ஆனால் இந்தத் தடவை இடம் காலியாக இல்லை. கரகரத்த குரல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது, நகரவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. காது போனவளுக்கு ஒருவர் பேசும்போது முதுகைக் காட்டி நிற்பதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. இத்தனை வருஷத்தில் நான் செய்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல் நின்றேன்.

"அப்புறம்?" என்றேன்.

குரல் நின்றது. "அக்கா, அம்மா இங்கதான் இருக்காங்க. கேட்டுட்டாங்க போல. வைக்கிறேன்."

"வச்சுட்டு எங்கிட்ட பேசு."

"யாருகிட்ட சொல்ற?" மெல்லக் கேட்டாள். நான் போர்வையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேனே.

"உங்கிட்டதான். கட்டைக் குரல்காரிகிட்ட."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. போய்விட்டாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ ஏன் திரும்ப மாட்டேங்குற?"

"திரும்பினா உன் அக்கா வந்துடுவா. கொஞ்ச நேரம் அவ வெளியவே நிக்கட்டும். நீ பேசு."

அவள் சிரித்தாள். அடித்தொண்டையில் உருண்டு, கடைசியில் மூச்சு போதாமல் விசில் மாதிரி முடிகிற சிரிப்பு. இவள் சிரித்து ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஒருதரம்கூட இந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை.

"நல்லாருக்காம்மா?" என்று கேட்டாள். "எல்லாரும் பையன் குரல்ங்கிறாங்க."

நல்லாயிருக்கு, தேன் மாதிரி, அது மாதிரி, இது மாதிரி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய்யாகியிருக்கும்.

"எனக்குச் சொல்லத் தெரியலடி. இது மாதிரி நான் எதையுமே கேட்டதில்ல."

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கிறாள் என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது.

"மியூசியத்துலயே இல்லையா?"

"இல்லவே இல்ல."

பால்கனி வாசற்படியில் அவள் உட்காரும் சத்தம் கேட்டது. பேச ஆரம்பித்தாள். எத்தனையோ நாள் பேசாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது. புதுக் கணக்கு வாத்தியார் இருமுவது, தோழி ஒருத்தி காரணமே சொல்லாமல் இடம் மாறி உட்கார்ந்தது, ஆடிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல், பெரியவளானால் விமானம் ஓட்டுவதா பூனை வளர்ப்பதா என்கிற குழப்பம். எனக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை, விட்டுவிட்டேன். அர்த்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குரலின் பின்னாலேயே போனேன். இடையில் இவர் வந்தார். கொடியைப் பார்த்து நிற்கும் என்னையும் என் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் அவளையும் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் டீ போட்டார். கழுத்து விண்ணென்று வலித்தது. போர்வை என் கண் முன்னாலேயே காய்ந்து வெளுத்தது. நான் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினேன். எங்கள் தெருமுனையில்தான் அவள் பள்ளிக்கூடம். வாசலில் எப்போதும்போல் ஒரே நெரிசல். இறக்கிவிட வந்த அம்மாக்கள், அவர்கள் கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளைகள், அடித்துக்கொண்டே இருக்கும் சைக்கிள் மணிகள். எல்லாம் என் காதுக்குள் கூழாங்கல்லாகக் குலுங்கிக்கொண்டிருந்தன. தெரு முழுக்க ஏதாவது ஒரு பிள்ளை "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

"அம்மா!"

யோசிக்கும் முன்பே திரும்பிவிட்டேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சின்னவள் ஓடி வந்தாள். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த குடை அவள் கையில் இருந்தது. மூச்சு வாங்க என் எதிரில் நின்றாள். முகத்துக்கு நேராக முகம். திரும்பிவிட்டோமே என்று எனக்குத் திக்கென்றது. அவள் உதடு அசைந்தது, நான் கையை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தேன். கரகரவென்று, தாழ்ந்து, சொரசொரப்பாக வந்தது.

"இத்தனை பேர் அம்மா அம்மான்னு கத்துறாங்க. நான்தான்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நேத்து கேட்ட குரலாச்சே" என்றேன்.